முப்பத்தாறு மைல்

ரின்மோர் துறை, டோனிகால்
செப்டம்பர் 14, 2022

அன்புத் தங்கை நோரீனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணி கிரானியாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழை நின்ற பிறகும் போகாமல் இருக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? மடத்துக் கல்தரையில் செருப்பில்லாமல் நடக்காதே என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறேன். நீ கேட்கப் போவதில்லை.

போன வாரம் ராக்கால் பாறைக்குத் தெற்கே கணவாய் மீன் பிடிக்கப் போயிருந்தோம். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் போனதிலிருந்து அந்தப் பாறையைச் சுற்றிப் பன்னிரண்டு மைலுக்கு நம் படகுகள் வலை போடக் கூடாது. இரண்டு பறவைகள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒன்று வழுக்கி விழும், அவ்வளவுதான் அந்தப் பாறை. அதற்கு ஓர் எல்லை, எல்லைக்கு ஒரு காவல். நாங்கள் கோட்டுக்கு வெளியேதான் இருந்தோம். இருந்தும் ஸ்காட்லாந்து ரோந்துப் படகு வந்தது, அதிலிருந்து ஓர் அதிகாரி நம் படகு 'எத்னா'வில் ஏறினான்.

இளம் அதிகாரி, மரியாதை தெரிந்தவன். தாள்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஸ்கிப்பர், பட்டியல்ல அஞ்சு பேர்தான் இருக்கு. ஆறாவது ஆள் எங்க?"

"அஞ்சு பேர்தான் தம்பி. எண்ணிக்க."

"நாங்க பக்கத்துல வரும்போது டெக்ல ஆறு பேர் நின்னீங்க. வலை இழுக்கிற வின்ச் பக்கத்துல மஞ்சள் கோட்டு போட்டிருந்தவரு."

எங்கள் கோட்டு எல்லாமே ஆரஞ்சு நிறம். ஆள் கடத்துகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, பனிக்கட்டி அறை, எஞ்சின் அறை, படுக்கைகள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை. போகும்போது ஒரு பிரதி கொடுத்தான். 'டெக்கில் கண்டவர்கள் ஆறு, பட்டியலில் ஐந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நான் சிரித்துவிட்டேன். இவர்களுக்கு நம் மீனைத்தான் சரியாக எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தேன், மனிதனையும் எண்ணத் தெரியவில்லை.

கிரானியாவுக்கு இதை எழுதிவிடாதே. மார்ச் வந்தால் தம்பி மானஸ் போய் இருபது வருஷம். அவனுக்குக் கடலில் மாலை போட இனி அந்தப் பக்கம் போக முடியாது. கோட்டைப் போட்டுவிட்டார்களே.

உன் செபத்தில் எங்களை வைத்துக்கொள்.

உன் அண்ணன்,
கொனல்

•

கன்னியர் மடம், கால்வே
அக்டோபர் 3, 2022

அன்புள்ள அண்ணா,

இறைவனின் அமைதி உங்கள் வீட்டில் தங்கட்டும். இருமல் போய்விட்டது. அண்ணியின் முழங்காலுக்கு இங்கே தோட்டத்தில் விளைந்த மூலிகைத் தைலம் ஒரு குப்பி அனுப்புகிறேன். மணம் சகிக்காது, குணம் உண்டு.

உன் அதிகாரி வெயிலில் கண் கூசி எண்ணியிருப்பான். அதை விடு. ஒன்று மட்டும் புரியவில்லை. மானஸ் விழுந்த இடத்தின் எண்களை அன்றைய செய்தித்தாளிலிருந்து வெட்டி என் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். ஐம்பத்தேழு பாகை இரண்டு நிமிடம் வடக்கு, பதின்மூன்று பாகை ஐந்து நிமிடம் மேற்கு. தினமும் பகல் மூன்று மணிக்கு அந்தத் தண்ணீரை நினைத்து செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபிக்கிறேன். அந்த இடம் பாறையிலிருந்து நாற்பது மைல் தள்ளி என்றல்லவா அப்போது சொன்னார்கள்? புதுக்கோடு பன்னிரண்டு மைல்தானே. பின் ஏன் போக முடியாது?

ஊனா எப்படி இருக்கிறாள்? மானஸுக்கு ஏழு வருஷம் மனைவியாகவும் பத்தொன்பது வருஷம் விதவையாகவும் இருப்பது என்ன கணக்கு என்று போன கிறிஸ்துமஸுக்கு எழுதியிருந்தாள். பதில் எழுதத் தெரியாமல் படம் போட்ட அட்டை ஒன்றை அனுப்பினேன்.

செபத்துடன்,
நோரீன்

•

ரின்மோர்
நவம்பர் 20, 2022

அன்புத் தங்கைக்கு,

தைலம் வந்தது. கிரானியா பூசிக்கொண்டாள், பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. வலி குறைந்திருக்கிறதாம்.

இங்கே நிலைமை மோசம். கானாங்கெளுத்தியில் நமக்கிருந்த ஒதுக்கீட்டில் நாலில் ஒரு பங்கை பிரிட்டனோடு போட்ட பேரத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் நம் லாரி பிரிட்டன் வழியாகக் குறுக்கே ஓடி மறுநாள் பிரான்ஸ் சந்தையில் நிற்கும். இப்போது சுங்கத் தாள்களுக்குப் பயந்து தெற்கே ரோஸ்லேர் துறை வரை போய் அங்கிருந்து நேராகக் கப்பல் ஏறுகிறது. ரோஸ்லேர்க்காரனுக்குத் திருவிழா. நம் மீன் வழியிலேயே கிழடு தட்டிவிடுகிறது.

அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது. படகை ஒப்படைத்தால் ஈடு தருவார்கள். ஒரே நிபந்தனை, படகை உடைத்துவிட வேண்டும். விற்கக் கூடாது, ஆழத்தில் தள்ளவும் கூடாது. துண்டு துண்டாக வெட்ட வேண்டும். துறையில் பாதிப் பேர் மனு வாங்கி வந்துவிட்டார்கள்.

ரமில் வேலையை விட்டுவிட்டான். பிலிப்பைன்ஸ் பையன் என்று இன்னும் சொல்கிறோம், நாற்பது வயதாகிறது அவனுக்கு. ஏன்டா போகிறாய் என்று கேட்டேன்.

"ஸ்கிப்பர், ஆறாவது படுக்கைல யாரும் படுக்கிறதில்ல."

"இல்லதான். சாமான்தான் கிடக்கு."

"சாமானை எடுத்துட்டுத் தினமும் போர்வையை மாத்துறேன். தினமும் நனைஞ்சு கிடக்கு. மேல ஒழுகல, பக்கத்துல ஒழுகல. நக்கிப் பார்த்தேன். உப்பு."

"படகுன்னா உப்பு இல்லாம சர்க்கரையா இருக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. "தலகாணில தலை அமுங்கின பள்ளம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

நீ மாலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடலில் எங்கே போட்டால் என்ன, எல்லாம் ஒரே தண்ணீர்தானே.

அன்புடன்,
கொனல்

•

கால்வே
டிசம்பர் 12, 2022

அன்புள்ள அண்ணா,

பிறப்பு விழாவின் மகிழ்ச்சி உங்கள் எல்லோருக்கும் கிடைக்கட்டும். இங்கே பனி கொட்டுகிறது. தண்ணீர்க் குழாய் உறைந்து போய், கெட்டிலில் சூடு பண்ணி ஊற்றித் திறக்கிறோம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். லாரி, கப்பல், மீன், பூனை எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் இல்லை. எல்லாம் ஒரே தண்ணீர் என்று சொல்கிறவன் நீ இல்லை. அரை மைல் தள்ளிப் போனால் மீன் மாறும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ.

மறுபடியும் கேட்கிறேன். இத்தனை வருஷம் அவனுக்கு எந்த இடத்தில் மாலை போட்டாய்?

உன் தங்கை,
நோரீன்

•

ரின்மோர்
பிப்ரவரி 2, 2023

அன்பு நாத்தனார் நோரீனுக்கு,

புனித பிரிஜித் நாளுக்கு நாணல் சிலுவை பின்னிக் கதவில் மாட்டிவிட்டேன். உனக்கும் ஒன்று இந்த உறையில் வைத்திருக்கிறேன், நசுங்காமல் வந்தால் உன் அறையில் மாட்டிக்கொள். என் உடம்பு பரவாயில்லை. உன் அண்ணன் உடம்பைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் எழுதமாட்டேன் என்கிறார். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எத்னாவின் உரிமத்தை ஒப்படைத்தாகிவிட்டது. இலையுதிர் காலத்துக்குள் உடைத்துவிட வேண்டும். படகு துறையில் சும்மா கட்டிக் கிடக்கிறது. காலையில் சாப்பிட்டதும் இவர் பிளாஸ்கும் இரண்டு குவளையுமாகக் கிளம்பிவிடுகிறார். துறையில் கேலி பேசுகிறார்கள். "என்ன கொனல், படகுக்கும் சேத்தா டீ?" என்று ஒருத்தன் கேட்டான்.

போன செவ்வாய்க்கிழமை அளவு எடுக்க அதிகாரி ஒருவர் வந்தார். நானும் துறையில் நின்றேன். மத்தியானம், நல்ல வெளிச்சம். அவர் எஞ்சின் அறைக்குப் போய்விட்டு மேலே வந்து சொன்னார்: "கீழ இருக்கிறவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. கதவை மூடி முத்திரை வைக்கணும்."

உன் அண்ணன் "கீழ யாரும் இல்ல, நீங்க மூடுங்க" என்றார். குரல் நடுங்கவே இல்லை, நோரீன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பால் வாங்கி வரச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

அதிகாரி போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் துறைக் கல்மேல் நின்றிருந்தோம். மின்சாரத்தைத் துண்டித்து பேட்டரியையும் இறக்கியாகிவிட்டது. அப்போது மேலே படகை ஓட்டுகிற வீல் ரூமிலிருந்து ரேடியோ பேசியது. ஆண் குரல். எண்களைச் சொன்னது, அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. முதலில் உன் அண்ணன்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். குரல் அப்படியே அவர் குரல். ஆனால் அவர் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார். சகோதரர்களுக்குக் குரல் ஒன்று போல இருக்கும் இல்லையா.

கையில் இருந்த ரொட்டிக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். 57, 31. பிறகு 13, 44. மூன்று முறை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. "இது என்ன நம்பர்?" என்று கேட்டதற்கு, "தெரியல, கிரானியா" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பொய் சொல்லும்போது மட்டும்தான் என் பெயரைச் சொல்லிப் பேசுவார்.

காகிதத்தை அப்படியே வைத்திருக்கிறேன். உனக்குப் புரிகிறதா பார்.

கிரானியா

•

கால்வே
பிப்ரவரி 20, 2023

அண்ணா,

சிலுவை நசுங்காமல் வந்தது என்று அண்ணியிடம் சொல்.

அவள் அனுப்பிய எண்களையும் என் புத்தகத்தில் இருந்த எண்களையும் சகோதரி பெனினாவிடம் கொடுத்தேன். மடத்துக்கு வருவதற்கு முன் புவியியல் ஆசிரியையாக இருந்தவர். வரைபடத்தை விரித்து அளவுகோல் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே முப்பத்தாறு மைல். இரண்டாவது இடம் பாறைக்குத் தெற்கே ஐந்து மைலில் இருக்கிறது. "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் நீ சொல்ல வேண்டும். நானாக யூகித்து நீ தலையாட்டுவது வேறு, நீ சொல்வது வேறு.

நோரீன்

•

ரின்மோர்
மார்ச் 12, 2023

நோரீன்,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை. நேராக எழுதுகிறேன். மூன்று நாளுக்கு முன் அவன் நினைவுத் திருப்பலியில் ஊனாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

2003 மார்ச் ஒன்பது. படகில் நான், மானஸ், கிழவன் பேக்கி, யூனன், நாலு பேர். அந்த வருஷம் பாறையை ஒட்டிய கடலடி மேட்டில் வலை போடத் தடை இருந்தது, குஞ்சு மீன்களுக்காக. எல்லோரும் திருட்டுத்தனமாகப் போட்டோம். பிடிபட்டால் உரிமம் போகும். உரிமம் போனால் படகு போகும், படகுக் கடனுக்கு ஈடாக வைத்த அம்மா வீடும் போகும்.

பகல் பதினொன்றரை. வலை தூக்கும்போது கம்பி ஒன்று தெறித்து மானஸை அடித்துக் கடலில் தள்ளியது. மஞ்சள் கோட்டு போட்டிருந்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினோம், அலை ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். சொன்னதும் அது உண்மையாகிவிட்டது.

உதவிக்குக் கூப்பிட்டால் இடத்தைச் சொல்ல வேண்டும். நான் கூப்பிடவில்லை. படகைத் திருப்பித் தென்கிழக்கே நாலு மணி நேரம் ஓட்டினேன். தடைக்கு நன்றாக வெளியே வந்த பிறகு மைக்கை எடுத்து, இப்போதுதான் விழுந்தான் என்றேன். ஹெலிகாப்டர் வந்தது, நாலு படகுகள் வந்தன. மூன்று நாள் அந்தக் காலித் தண்ணீரில் தேடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் பேக்கி சாகும்வரை சொல்லவில்லை, யூனன் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இதனால்தான். நாங்கள் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் நின்றிருந்த பேக்கி கத்தினான்.

"கொனல், இடப்பக்கம். மஞ்சளா ஏதோ தெரியுது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிதவையாக இருக்கும் என்றேன். பார்த்திருந்தால் மிதவையா இல்லையா என்று தெரிந்திருக்கும். தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

மாலை ஒவ்வொரு வருஷமும் சரியான இடத்தில்தான் போட்டேன், தனியாக. கோடு போட்டபோது துறையில் எல்லோரும் கொதித்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. வலை போடத்தான் தடை, கடந்து போகத் தடையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இனி அங்கே போக வேண்டாம் என்பதற்கு ஒரு நாடே எனக்குச் சாக்கு கொடுத்த மாதிரி இருந்தது. நான் போகாததால்தான் அவன் வந்துவிட்டான் போலிருக்கிறது.

நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

கொனல்

•

ரின்மோர்
மே 30, 2023

நோரீன்,

பதினோரு வாரமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கிரானியா மடத்துக்குப் போன் போட்டாள். வாசல் சகோதரி நீ நலமாக இருப்பதாகச் சொன்னார். அது போதும்.

ஊனாவிடம் சொல்லிவிட்டேன். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளிடம்தான் முதலில்.

கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு எழுதியதை எல்லாம் சொன்னேன், ஒன்றும் விடாமல். ஒரு படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அதை உதறிக் கொடியில் போட்டு, நாலு மூலையும் இழுத்துவிட்டுக் கவ்வியை மாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பேக்கி எந்தப் பக்கம்னு காட்டினாரு?"

"இடப்பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"நான் பாக்கல, ஊனா."

"ஆமா. பாக்கல." விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "இருபது வருஷமா என் வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தினீங்க. குளிருக்குக் கரி கொண்டு வந்து போட்டீங்க. நல்ல மனுஷன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அதையெல்லாம் நான் இப்ப எங்க கொண்டு போய் வைக்கிறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"படகை எப்ப உடைக்கிறாங்க?"

"செப்டம்பர்ல."

"அதுக்கு முன்னாடி என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. உங்களை மன்னிக்கிறதுக்கு இல்ல. வழி உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுக்கு."

துறை உடைந்து இரண்டாகக் கிடக்கிறது. பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. மீதிப் பேர், நாங்களும் அந்த மேட்டில் வலை போட்டவர்கள்தானே என்று தரையைப் பார்க்கிறார்கள்.

கொனல்

•

ரின்மோர்
ஜூலை 18, 2023

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் மடத்துச் சகோதரிகளுக்கும் வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எனக்கு அனுப்பிய அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இந்த முறை நான் எழுதுகிறேன்.

போன வாரம் போய் வந்தோம். கொனல் அண்ணன், நான், எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ரமில், மூன்றே பேர். ரமிலை நான்தான் போய்க் கேட்டேன். "அவரைப் பாக்கப் போறோம்னா வர்றேன்மா" என்றான். யாரை என்று நான் கேட்கவில்லை. எஞ்சின் அறை முத்திரையை எடுக்க அனுமதி வாங்கி, பேட்டரியையும் மறுபடி ஏற்றியிருந்தார் அண்ணன். ஒன்றரை நாள் ஓட்டம். வலை, கயிறு எல்லாம் இறக்கிவிட்டதால் படகு நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. வழி முழுக்க அண்ணனும் நானும் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டோம்.

காலை பத்து மணிக்குப் பாறை தெரிந்தது. நான் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். கடலுக்கு ஒரு பல் முளைத்த மாதிரி இருந்தது. ரோந்துப் படகு ரேடியோவில் கூப்பிட்டது.

"எத்னா, நீங்க எல்லைக்குள்ள வந்துட்டிருக்கீங்க. மீன் பிடிக்கவா?"

"வலையே இல்ல" என்றார் அண்ணன்.

"பின்ன எதுக்கு வர்றீங்க?"

நான் மைக்கை வாங்கினேன். "என் வீட்டுக்காரர் இங்க இருக்காரு. இருபது வருஷமாச்சு. பாத்துட்டுப் போயிடறோம்."

பிறகு அந்தக் குரல் சொன்னது: "எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கங்கம்மா. நாங்க தள்ளி நிக்கிறோம்."

அண்ணன் கணக்குப் பார்த்து ஓர் இடத்தில் எஞ்சினைக் குறைத்தார். "இங்கதான்" என்றார். பிறகு அன்று கிளம்பிய திசையில் கொஞ்ச தூரம் ஓட்டி, படகை இடப்பக்கம் திருப்பினார். ஒரு மணி நேரம் மெதுவாகச் சுற்றினோம். அவர் வீல் ரூம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தேடினார். உண்மையாகவே தேடினார், அக்கா. ஒரு கடல்காகம் அசைந்தால்கூட நிறுத்தினார். காற்றில்லை, அலையில்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. நான் முன்பக்கம் நின்றேன். என் தோளுக்குப் பின்னால் யாரோ நின்று நான் பார்க்கிற திசையிலேயே பார்ப்பது போல இருந்தது. மூச்சு தெரிந்தது, ஈரமான கம்பளி வாடை அடித்தது. பயமில்லை. திரும்பிப் பார்த்தால் போய்விடுவாரோ என்று மட்டும் இருந்தது. ஆனால் திரும்பாமல் இருந்த இன்னொருவரால்தானே இத்தனையும். அதனால் திரும்பினேன்.

வெறும் டெக். வின்ச் பக்கத்தில் பலகை மட்டும் நனைந்திருந்தது.

அப்போது ரேடியோ அவசரமாகக் கூப்பிட்டது. "எத்னா, எத்னா. எல்லாரும் பத்திரமா? டெக்ல உங்க பின்னாடி ஒருத்தர் நின்னாரு. இப்ப காணோம். யாராவது விழுந்துட்டாங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ரமில் சிலுவை போட்டுக்கொண்டான். நான்தான் பதில் சொன்னேன்.

"யாரும் விழல. அவர் இறங்கிட்டாரு."

அந்தப் பிள்ளை என்ன நினைத்தானோ, மேலே கேட்கவில்லை. நாங்கள் வெளியே வரும்வரை அவர்கள் எஞ்சினைப் போடாமல் நின்றார்கள்.

திரும்பி வந்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போனேன், இறப்புச் சான்றிதழில் இறந்த இடத்தைத் திருத்த. அங்கிருந்த பெண் நல்லவள்தான். எண்களை எழுதிக்கொண்டு, "இது எந்த நாட்டுத் தண்ணி?" என்று கேட்டாள். "அவங்க தங்களோடதுன்னு சொல்றாங்க, நம்ம அரசாங்கம் ஒத்துக்கல. அவங்க பேரை எழுதினா உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இறந்ததா ஆயிடும்."

"அவர் விழுந்தப்ப அங்க கோடு இல்லம்மா. நம்பரை மட்டும் போடு. நாட்டை விட்டுடு" என்றேன்.

யாரையோ போய்க் கேட்டுவிட்டு வந்து, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தாள்.

உங்கள் அண்ணனுக்கு நீங்கள் எழுதுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எழுதச் சொல்லவில்லை. நானும் அவரோடு பேசுவதில்லை. ஆனால் அவர் அன்று தேடியதை ஒருவராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஊனா

•

ரின்மோர்
செப்டம்பர் 25, 2023

நோரீன்,

நீ நலமாக இருக்க வேண்டும். எத்னாவை உடைத்துவிட்டார்கள். நான் போய் நின்றேன். பெரிய இயந்திரம் ஒன்று நண்டு மாதிரிப் பிடித்துப் பிடித்துக் கிழித்தது. வீல் ரூம் காலை டீக்கு முன்னாலேயே போய்விட்டது. வெட்டுகிறவர்களிடம், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். "யாரும் இல்ல பெரியவரே, நல்லா பாத்துட்டோம்" என்றார்கள். பொய் சொல்கிற முகமில்லை. மாலைக்குள் வெறும் இரும்பாகிவிட்டது.

ஈடு வந்ததும் ஊனா பெயரில் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வழக்கு வரலாம் என்கிறார்கள், வரட்டும். இப்போது காலையில் எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. துறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். நாங்கள் படகைக் கட்டுகிற இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை, நோரீன். அவன் இல்லை. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது அதுவும் தாங்கவில்லை.

நீ எழுத வேண்டாம். இதைப் படித்தால் போதும். கிரானியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கொனல்

•

கால்வே
அக்டோபர் 16, 2023

அண்ணா,

ஏழு மாதத்தில் உனக்கு ஏழு கடிதங்கள் எழுதினேன். ஏழையும் அடுப்பில் போட்டேன். முதல் மூன்றில் இருந்த வார்த்தைகளை ஒரு கன்னியாஸ்திரி எழுதக் கூடாது. இருபது வருஷம் யாருமில்லாத தண்ணீருக்குச் செபம் சொல்ல வைத்தாயே என்று கேட்டிருந்தேன். பிறகுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

அவன் இறந்த அடுத்த மாதம், ஏப்ரலில், நீ இங்கே வந்தாய். சந்திப்பு அறைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாய். ஒரு மணி நேரம் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாய். ஏதோ சொல்ல வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அது நல்லதில்லை என்றும் தெரிந்தது. 'என்ன அண்ணா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. செபிக்கலாம் வா என்று சொல்லி, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், முழந்தாளில் நின்றபடி.

இதை மடத்தலைவியிடம் சொன்னேன். இருபத்தேழு வருஷத்தில் நான் வாசலைத் தாண்டியதில்லை. நம் அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை, அவன் நினைவுத் திருப்பலிக்கும் வரவில்லை. மடத்தலைவி, "ஒருநாள் போய்ட்டு வா" என்றார்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். ஒன்று பத்துக்கு டோனிகால் நகரத்தில் இறங்குவேன் என்கிறார்கள். பேருந்துக்கு எப்படிச் சீட்டு வாங்குவது என்று சகோதரி பெனினா சொல்லிக் கொடுத்திருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை, அது என்னிடம் இன்னும் வந்து சேரவில்லை. உண்மையைச் சொன்ன பிறகு உன் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

நிறுத்தத்தில் நில். எனக்கு வழி தெரியாது.

நோரீன்